குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள்

அந்த வருடம் ஊரில் ஆளாளுக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி விழுந்தார்கள் என்பதுதான் விசேஷம். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போயிருக்கும். உதடு கிழிந்து வீங்கியிருக்கும். சிலருக்குக் கூடுதலாக மூக்கும் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்துகொண்டிருந்த மனிதருக்கு இதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. இப்போது வருகிற சோப்புகள் சரியில்லை என்பதே அந்தக் கருத்து.

ஒருமுறை அளவு பார்க்க வந்த ஒரு பெரியவரின் காது மடலில் பல் பதிந்த தடம் இருந்தது. அது யாரோ ஒருவருடைய மேல்தாடை, அதிலும் இடதுபக்கக் கோரைப்பல் கொஞ்சம் முன்னால் துருத்தியது என்று பல்செட்காரரால் அடித்துச் சொல்லியிருக்க முடியும். பெரியவர் குழாயில் இடித்துக்கொண்டேன் என்றார். இவரும் சரி, குழாய்தான் என்று விட்டுவிட்டார். வாய்க்குள் பார்த்தே பழகிய கண்ணுக்கு வாய்க்கு வெளியே இருப்பது தெரிவதில்லை.

அந்த மருத்துவமனையை ஆறேழு மாதம் முன்பு ஒரு முதலீட்டு நிதி வாங்கியிருந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, யாரும் முழுசாகச் சொன்னதில்லை. நிதி என்றுதான் சொல்வார்கள். நன்றாக ஓடுகிற ஒரு தொழிலைக் கடன் வாங்கி வாங்குவது, அந்தக் கடனை அந்தத் தொழிலின் தலையிலேயே கட்டுவது, பிறகு அதைப் பிழிந்து காயப்போட்டு இன்னொருவருக்கு விற்பது. இதுதான் நிதியின் வேலை. இதற்கு மதிப்புக் கூட்டல் என்று பெயர்.

மருத்துவமனையிலும் மதிப்பைக் கூட்டினார்கள். டாக்டர் சாதுவான மனிதர், ஊசி போடும்போது தானும் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு வாரத்துக்கு இத்தனை பல் பிடுங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். முதல் மாதம் ஆடுகிற பற்களைப் பிடுங்கினார். அப்புறம் ஆடாத பற்களை ஆட்டிப் பார்த்தார். மூன்றாவது மாதம், பல்லைச் சுத்தம் பண்ண வந்த ஒரு மாலுமியின் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று அழுதபடியே கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். மாலுமி அவரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கண்ணாடி அலமாரியில் எறிந்தார். அன்றைய கணக்கில் ஒரு பல் வரவு, ஒரு அலமாரி செலவு. டாக்டருடைய தோள்பட்டை எலும்பு எந்தத் தலைப்பிலும் வரவில்லை.

இந்த நிலையில்தான் பல்செட்காரரின் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. அவனும் குளியலறையில் விழுந்திருந்தான். கையில் ஒரு ஊன்றுகோல் வேறு.

"எல்லா வீட்டுலயும் தரையை மாத்தணும் மாப்ளே" என்றார் பல்செட்காரர், அவன் வாய்க்குள் மெழுகை அழுத்தியபடி.

வாயிலிருந்து மெழுகை எடுத்ததும் மச்சான் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். "அதை விடுங்க மாமா. இந்த மருத்துவமனையை வாங்கின நிதி இருக்கே, அதுல நானும் பணம் போட்டிருக்கேன். இத்தனை காலமா பெரிய பணக்காரங்க மட்டும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு சம்பாதிச்சாங்க. இப்ப நம்மளை மாதிரி ஆளுங்களையும் உள்ள விடறாங்க."

"ஏன் விடறாங்க?"

மச்சான் கொஞ்சம் யோசித்தான். "மனசு மாறிட்டாங்க" என்றான்.

பல்செட்காரருக்கு அப்போது பணம் வேண்டியிருந்தது. அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். நாக்கு கொஞ்சம் காரம், கை சுத்தமான கை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஒருநாள் ஊசியைத் தூக்கி எறிந்தாள். கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை மேல் சவ்வு படர்ந்து இழுக்கிறது, சொட்டு மருந்து விட்டுக் கொஞ்ச காலம் ஓட்டலாம், ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு கண்ணும் போய்விடும் என்றார். இருவரும் சேர்த்து வைத்திருந்தது அதற்குக் கொஞ்சம் பற்றாது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் எல்லாவற்றையும் செய்தது.

"பணத்தைப் போட்டா திரும்ப எடுக்க முடியுமாடா?" என்று அவள் தம்பியிடம் கேட்டாள்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் கதவைத் திறப்பாங்கக்கா" என்றான் தம்பி. ஏனோ அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவளுக்கும் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை.

நிதியின் கட்டடத்தில் உள்ளே போகிற கதவு அவ்வளவு பெரிதாக இருந்தது. அது தானாகவே சுற்றும், உள்பக்கமாக மட்டும். வாத்தியம் வாசித்தார்கள், பழரசம் கொடுத்தார்கள், சட்டையில் ஒரு தங்கநிறச் சாவியைக் குத்தினார்கள். மேடையில் ஒருவர் ஏறினார். அவர் நெஞ்சில் வரவேற்பு அதிகாரி என்று ஒரு அட்டை தொங்கியது.

"அன்பான சிறு முதலீட்டாளர்களே" என்று ஆரம்பித்தார். "நாங்க வாங்கின கம்பெனிகளை முன்னெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு வித்தோம். அவங்களும் வாங்கினாங்க. அப்புறம் அவங்க எங்க கணக்கைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் வாங்கறதை நிறுத்திட்டாங்க. எங்ககிட்ட கம்பெனிகள் குவிஞ்சு கிடக்கு, வாங்க ஆள் இல்லை. ராத்திரி பகலா யோசிச்சோம். அப்பதான் உங்க ஞாபகம் வந்துச்சு."

பலத்த கைதட்டல். தன்னை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பல்செட்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, நாங்க போடற பணத்துக்கு இன்னைக்கு என்ன விலைன்னு யார் சொல்லுவாங்க?"

"நாங்கதான்."

"எதை வெச்சுச் சொல்லுவீங்க?"

"மனசாட்சியை வெச்சு. சந்தையில பாருங்க, நிமிஷத்துக்கு நிமிஷம் விலை ஏறி இறங்கி மனுசனைக் கொல்லுது. எங்ககிட்ட அந்தத் தொல்லையே இல்லை. மூணு மாசத்துக்கு ஒருதரம் நாங்களே ஒரு விலை சொல்லுவோம், அது போன தடவையைவிடக் கூடத்தான் இருக்கும். நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

அப்போது கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு லிஃப்ட் இறங்கியது. அதில் நல்ல உடையில் நாலைந்து பேர் பெட்டிகளோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல்செட்காரர் தொழில் பழக்கத்தில் அவர்கள் வாயைத்தான் பார்த்தார். அத்தனை வாயிலும் சொந்தப் பல். முழு வரிசை.

"அவங்கல்லாம் யாருங்க?"

"பழைய பெரிய முதலீட்டாளர்கள். நீங்க உள்ள வந்ததால அவங்க வெளிய போறாங்க" என்றார் அதிகாரி. "அவங்க ஒப்பந்தத்துல லிஃப்ட் உண்டு."

பல்செட்காரர் கையெழுத்துப் போட்டார். நிதி சொன்ன விலை ஏறியது. மருத்துவமனையில் டாக்டர் "இந்தப் பல் நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு நோயாளியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டதால், நிதியின் காவலாளிகள் இருவர் வந்து அவரை அவருடைய நாற்காலியோடு தூக்கி வாசல் படியில் உருட்டிவிட்டார்கள். கடைசிப் படியில் அவருடைய சொந்தப் பல் ஒன்று போயிற்று. அதைப் பல்செட்காரர்தான் பொறுக்கி, கழுவி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மறுவாரமே வந்த அறிக்கையில் பல் பிரிவில் செலவு குறைந்து மதிப்பு கூடியது என்று போட்டிருந்தது. அதைப் படித்துச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குத் தேவையான தொகையை அவர்கள் பணம் தாண்டிவிட்டது. அது போதும் என்று கதவு திறக்கிற நாளன்று மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். தைக்கிற மிஷினின் மோட்டாரையும் வழியில் ரிப்பேருக்குக் கொடுத்துவிடலாம் என்று அவள் கைப்பையில் போட்டு எடுத்து வந்தாள்.

வெளியேறும் கூடம் நிலவறையில் இருந்தது. ரப்பர் தரை, நடுவில் தண்ணீர் ஓடக் கொஞ்சம் சாய்வு, சாய்வின் முடிவில் ஒரு வடிகால். கோடியில் ஒரே ஒரு கதவு. ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம். தரையில் வரிசைவரிசையாகக் கோடு போட்டிருந்தது. இவர்களைக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். முதல் கோட்டில் மச்சான் நின்றுகொண்டிருந்தான். பல்செட்காரர் அதை மனைவியிடம் சொன்னார்.

"நீ எப்படிடா முன்னாடி போனே?" என்று கத்தினாள் அக்கா.

"புதுசா ஒரு ஆளைச் சேர்த்துவிட்டா முன்வரிசைக்கா!" என்று பதிலுக்குக் கத்தினான். பிறகு, "மாமா, அக்காவை ஓரமா நிக்க வைங்க!" என்றான். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் உண்மையான பாசம் இருந்தது.

அதே அதிகாரி மேலே ஒரு மாடத்தில் வந்து நின்றார். நெஞ்சில் இருந்த அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். பின்பக்கம் வழியனுப்பு அதிகாரி என்று இருந்தது.

"இது நெருக்கடி இல்லை" என்றார். "எல்லாரும் தயவுசெஞ்சு இதைப் புரிஞ்சுக்கணும். இது ஒழுங்கான வெளியேற்றம். நூறு பேருக்கு அஞ்சு பேர் போகலாம். எல்லாரும் ஒரே நேரத்துல போனா நிதி செத்துரும், நிதி செத்தா உங்க பணம் செத்துரும். ஆக, உங்களை உங்ககிட்ட இருந்தே நாங்க காப்பாத்தறோம். யார் அந்த அஞ்சு பேர்ங்கறதுல நாங்க தலையிட மாட்டோம். அது உங்க சுதந்திரம். மூக்குக்கண்ணாடி, காதணி, கட்டுப்பல் இருந்தா கழட்டிப் பையில போட்டுக்கங்க."

பல்செட்காரர் மனைவியிடம், "பாத்தியா, எவ்வளவு அக்கறை" என்றார்.

விசில் ஊதியது.

பல்செட்காரருக்கு முன்னால் நின்றிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அதுவரை இவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், திரும்பி இவருடைய வயிற்றில் உதைத்தார். இவர் மூச்சு முட்டி உட்கார்ந்தார். உட்கார்ந்த தலைக்கு மேலே ஒரு நாற்காலி பறந்து போய்ப் பஸ் கண்டக்டர் ஒருவரின் முதுகில் உடைந்தது. கண்டக்டர் விழுந்தபடியே பக்கத்தில் இருந்தவரின் காதைக் கடித்தார். கடித்த வாய் இவருக்குத் தெரிந்த வாய். இடதுபக்கக் கோரைப்பல் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. பல்செட்காரருக்கு அந்த இரைச்சலிலும் அந்தப் பெரியவரின் காது ஞாபகம் வந்தது. பிறகு தன் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் அச்சுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர் வாயைப் பிளந்தார். அதற்குமேல் யோசிக்க விடாமல் யாரோ அவர் முதுகில் ஏறி ஓடினார்கள்.

"எழுந்திருங்க!" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கதவு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க!"

"நேரா!"

அவள் கைப்பையைச் சுழற்ற ஆரம்பித்தாள். உள்ளே மோட்டார் இருந்தது. யார் மேல் படுகிறது என்று அவளுக்குத் தெரியாது, அதனால் அவளுக்கு இரக்கமும் இல்லை. ஒரு தாடை உடைகிற சத்தம் கேட்டது. ஒரு முழங்கால் மடங்கியது. சேமிப்பைப் பற்றி வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிற ஒருவர் "நான் உங்க வாசகன்தானே அம்மா" என்று எதையோ மாற்றிச் சொல்லிக்கொண்டே விழுந்தார். ரத்தம் சாய்வில் ஓடி வடிகாலுக்குப் போயிற்று. கட்டடம் கட்டினவர்கள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் கட்டியிருந்தார்கள்.

கதவருகே போனபோது நான்கு பேர் வெளியேறியிருந்தார்கள். ஒரு இடம்தான் பாக்கி. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மச்சான் தொங்கிக்கொண்டிருந்தான். மூன்று பேர் அவன் காலைப் பிடித்து இழுத்துவிட்டு அலுத்துப் போய்விட்டார்கள்.

"மாப்ளே, விடு. உங்கக்காவோட கண்ணு."

"மாமா, எனக்கு இது நாலாவது தடவை மாமா. வீட்டை எழுதிக் கொடுத்துட்டேன். என்னைப் போக விடுங்க."

பல்செட்காரர் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை. எங்கே அடிப்பது என்றும் தெரியாது. ஆனால் அந்த வாய் அவர் கட்டிய வாய். மச்சான் பல்செட்டைக் கழற்றாமல் வந்திருந்தான். அவர் இரண்டு விரலை உள்ளே விட்டு, பின்பக்கக் கொக்கியை நெம்பி, ஒரே இழுப்பில் பல்செட்டை வெளியே எடுத்தார். கொக்கி ஈறைக் கிழித்துக்கொண்டு வந்தது. மச்சான் அலறினான். கதவு நிலையை விட்டான். விட்ட கையோடு கீழே கிடந்த தன் ஊன்றுகோலை எடுத்துத் தன் அக்கா புருஷனின் வாயில் ஓங்கி அடித்தான். முன்பற்கள் நான்கும் போயின. இவர் அவன் விலா மேல் விழுந்தார். எதுவோ முறிந்தது. இருவரும் கட்டிப் புரண்டு ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தார்கள். அந்த நேரத்தில் தலைமையாசிரியர் தவழ்ந்து வந்தார். இவர்கள் கால்களுக்கு இடையில் புகுந்து, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"நன்றி" என்றார் மாடத்திலிருந்து வழியனுப்பு அதிகாரி. "ரொம்ப ஒழுங்கா நடந்துக்கிட்டீங்க."

பல்செட்காரரைத் தூக்கிப் போட்ட ஸ்ட்ரெச்சரில் ஒரு தங்கநிறச் சாவி வரைந்திருந்தது. ஆம்புலன்ஸ் கதவிலும் அதே சாவி. தலையில் சுற்றிய கட்டுத்துணியில் அதே சாவி. கண்விழித்தபோது தன் மருத்துவமனை நாற்காலியிலேயே கிடந்தார். வெளியே வரிசை தெருமுனை வரை நின்றது. எல்லோர் வாயிலும் துணி.

அதிகாரி பூங்கொத்தோடு வந்தார். "வாழ்த்துகள் சார்! இந்த மருத்துவமனை நஷ்டத்துல ஓடிட்டிருந்துச்சு, டாக்டர் எவ்வளவு பிடுங்கியும் தேறலை. வெளியேறும் நாள் வந்ததும் பாருங்க, எங்கேயோ போயிருச்சு. ஆம்புலன்ஸ் நம்மது, கட்டுத்துணி நம்மது, ஊன்றுகோல் தயாரிக்கற பட்டறை நம்மது. முதலீட்டாளரே வாடிக்கையாளரா இருக்கற நிதி உலகத்துல எங்க இருக்கு சொல்லுங்க? உங்க முதலீடு இன்னைக்குக் காலையில இருந்து ஏறியிருக்கு. அதுல உங்க நாலு பல்லும் சேர்த்தி."

பல்செட்காரருக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்து அந்த ஆளின் தொண்டையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. எழவும் செய்தார். எழுந்தபோது மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணில் பட்டாள். கலைந்த தலையோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது சுவர் என்று தெரியுமோ தெரியாதோ. செய்தி கேட்டு வந்து பக்கத்தில் நின்ற அவளுடைய கண் டாக்டர் பார்த்து முடித்திருந்தார். அடி கண்ணில் படவில்லை, ஆனால் அடுத்த மூன்று மாதம்தான் கடைசி, அதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பல்செட்காரரின் கை கீழே இறங்கியது.

"அடுத்த தடவை," என்றார், காற்றுப் போகிற வாயால். "முன்வரிசை வேணும்."

"தாராளமா. ஒரே ஒரு ஆளைச் சேர்த்துவிடுங்க."

"பல்லு என்னாச்சுன்னு கேட்டா?"

அதிகாரி பூங்கொத்தை அவர் கையில் வைத்தார். "பெரும்பாலும் குளியலறைன்னு சொல்றாங்க. நாங்க யாரையும் அப்படிச் சொல்லச் சொல்றதில்லை சார். அது அவங்க சுதந்திரம்."

பல்செட்காரர் தன் வாய்க்குத் தானே மெழுகு வைத்து அச்செடுத்து, அலமாரியில் இருந்த மற்ற அச்சுகளோடு அதையும் வைத்தார். எது தன்னுடையது என்று அடையாளம் தெரியாமல் போய்விடப் போகிறதே என்று பென்சிலால் ஒரு கோடு கிழித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு யாரைச் சேர்த்துவிடுவது என்று இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? தம்பி விலா எலும்பு முறிந்து நிதியின் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். டாக்டருக்கு வேலை போய்விட்டது. மிச்சம் இருப்பது மாடி வீட்டு நர்ஸ் ஒருத்திதான். புருஷன் இல்லாதவள். மகளின் படிப்புக்கென்று இரவுப் பணி பார்த்துச் சேர்த்து வைத்திருப்பவள். தினமும் சாயங்காலம் வேலைக்குக் கிளம்புமுன் இறங்கி வந்து, ஒரு காசு வாங்காமல், இவளுக்குக் கண்ணில் மருந்து விட்டுப் போகிறவள்.

"அவ வேணாங்க" என்றாள் மனைவி.

"வேணாம்" என்றார் அவரும்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நர்ஸ் உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டாள். மருந்துக் குப்பியைக் குலுக்கியபடி விளக்கடிக்கு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஐயையோ, என்னண்ணே இது? பல்லு என்னாச்சு?"

பல்செட்காரர் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தை மேலே தூக்கி, மருந்துக்காகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண்கள் அவரையும் பார்க்கவில்லை, நர்ஸையும் பார்க்கவில்லை.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேம்மா" என்றார்.

நர்ஸ் அவளைப் பார்த்துத் திரும்பினாள். "அப்படியாக்கா?"

"ஆமாம்மா" என்றாள் அவள். "தரை ஈரமா இருந்துச்சு. நான்தான் துடைக்காம விட்டுட்டேன்." பிறகு, "உங்க அண்ணன் உன்கிட்ட ஏதோ முதலீட்டைப் பத்திச் சொல்லணும்னாரு. மருந்தை விட்டுட்டுக் கேளு" என்றாள்.

"கேக்கறேன்க்கா. நீங்க ஆடாம இருங்க" என்று நர்ஸ் குனிந்து, அவளுடைய கீழிமையை மெல்ல இழுத்து, ஒரு சொட்டு விட்டாள்.